ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

இறாலின் தலையைத் திருகுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை அறாமல் இழுப்பதுதான் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும். இன்றைக்கு எனக்குப் பொறுமை கிடையாது, இருந்தும் இறால் வாங்கினேன், இரண்டு கையும் நாறிப்போய் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் இங்கே வா, உட்கார், பேசு என்று கூப்பிட முடியாதல்லவா. அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மகள் கெசியா மாடியில் பரீட்சைத் தாள் திருத்துகிறாள், அல்லது திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலி இழுபடும் சத்தம் கூட வரவில்லை. போன் குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது, நான்தான் கவிழ்த்து வைத்தேன், கவிழ்த்து வைத்தால் அடிக்காதா என்ன. சனிக்கிழமை சாயந்தரம் போன் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் அந்த அம்மா. சாயந்தரம் என்றால் எது சாயந்தரம்? வெயில் சாய்ந்தால் சாயந்தரமா, விளக்கு வைத்தால் சாயந்தரமா? சில பேருக்குச் சாப்பிட்டுக் கை கழுவினாலே சாயந்தரம்தான். பின்வாசலில் பூனை வந்து நிற்கிறது. அதற்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ, கூடையில் சாளை மீன் வந்தால் எட்டிப் பார்க்காது, இறால் என்றால் வந்து நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோதும் இந்தப் பூனைதான் முதலில் போய் அந்த அம்மாவின் காலை உரசியது, அவளும் பயப்படாமல் குனிந்து அதன் தலையைத் தடவினாள், சோபாவில் உட்காரக் கூட இல்லை, அதற்குள். பிறகு உட்கார்ந்தாள், நுனியில். மகன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். யோவேல். கெசியா வேலை பார்க்கிற கல்லூரியில்தான் அவனும் பாடம் நடத்துகிறான், கறுப்பாக, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளைதான், நல்ல பிள்ளை இல்லை என்று யார் சொன்னார்கள். ஒரு சீப்புப் பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட். கொண்டுவந்ததை மேஜையில் வைத்துவிட்டு அந்த அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "டீச்சரம்மா, பிள்ளைக ரெண்டும் மனசு ஒத்துப் போயிட்டுதுக. நாங்க பொண்ணு கேட்டு வந்துருக்கோம்." இப்படியா கேட்பார்கள்? மழை பற்றி, மின்சாரம் பற்றி, புதிதாய் வந்த குருவானவரின் பிரசங்கம் பற்றி ஏதாவது பேசிவிட்டு அல்லவா வர வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் ஆண்டவரோடு பேசுகிற வேலை என்னுடையது, அவர் வங்கியில் இருந்தபோதே அப்படித்தான், பிரித்துக்கொண்டாயிற்று. நான் சொன்னேன், "ஜெபிச்சிட்டு சொல்லுதோம்."

எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பது மரியாதை இல்லை, அதனால் ஆண்டவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திவிடுவோம். கேட்டவர்களும் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வார்கள், அதற்குப் பிறகு போன் போட மாட்டார்கள். எங்கேயாவது கல்யாண வீட்டில் பார்த்தால், ஆண்டவர் வழி திறக்கலை என்று நாம் சொல்லி, எல்லாம் அவர் சித்தம்தானே என்று அவர்கள் சொல்லி, பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் மேலும் யாருக்கும் வருத்தம் கிடையாது. வருத்தமெல்லாம் ஆண்டவர் மேல்தான், அவர் தாங்கிக்கொள்வார். இடம் பிடித்திருந்தால் நாங்கள் ஜெபிப்பதே இல்லை, அன்றைக்கே மண்டபம் விசாரிக்க ஆள் அனுப்பிவிடுவோம். இதைவிட நல்ல இடம் வருமா என்று பார்க்க வேண்டியிருந்தால், பொறுத்திருக்கச் சொல்கிறார் என்போம். மூத்தவன் கிதியோனுக்குப் பெண் பார்த்தபோது வருஷக்கணக்கில் இப்படி அவர் பேரில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு தடவை கூட அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு பெண்ணுக்கு உயரம் போதவில்லை, ஒரு பெண் நிறம் கம்மி, இன்னொரு பெண்ணின் தகப்பனுக்குக் குடிப்பழக்கம். எல்லாருக்கும் ஒரே பதில். நிறம் கம்மியான அந்தப் பெண்ணின் அம்மா பாடகர் குழுவில் எனக்கு முன்வரிசையில் நிற்கிறவள். அந்த மாதத்தோடு காலை ஆராதனையை விட்டுவிட்டுச் சாயந்தர ஆராதனைக்கு மாறிக்கொண்டாள். குரல் நல்ல குரல். அவள் போன பிறகு மேல் சுதி எடுக்க ஆளில்லாமல் பாட்டுகள் எல்லாம் கொஞ்சம் கீழேதான் இறங்கி நிற்கின்றன, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஆனால் இந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வழியில்லை. யோவேல் கைப்பிள்ளையாக இருக்கும்போதுதான் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார்கள். அதுவரை பேச்சியம்மாள், அதற்கப்புறம் சலோமி. ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்று நான் சொன்னதும் மகன் தலையைக் குனிந்துகொண்டான், அவனுக்குப் புரிந்துவிட்டது, எங்கள் ஆட்களுக்கு நடுவில் படித்து வளர்ந்தவன். அவளுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சந்தோஷம் டீச்சரம்மா. அதுதான் வேணும். நகை நட்டைப் பேசாம, ஜெபிக்கணும்னு சொல்லுற வீடு எங்களுக்குக் கெடைக்குமா? நாங்களும் ஜெபிக்கோம். சனிக்கிழமை சாயந்தரம் போன் போடட்டா?" ஜெபத்துக்குத் தேதி குறிக்கிறாள்! இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் தேதி கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல. பக்கத்தில் கெசியா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காப்பி நல்ல கப்பில்தான் கொடுத்தேன், தங்கக் கோடு போட்டது, குருவானவர் வந்தால் எடுப்போமே அது. அலமாரியைத் திறந்து அதை எடுக்கும்போதே, பார், வித்தியாசம் பார்க்காமல் எடுக்கிறேன் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. வித்தியாசம் பார்க்காதவளுக்கு அந்த நினைப்பு எதற்கு வரவேண்டும்? வந்தது. ஏதோ ஒரு இறாலின் கொம்பு விரலில் குத்திவிட்டது. ரத்தம் இல்லை, எரிகிறது.

ஜாதி என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது. எங்கள் அப்பா சபை ஊழியர், அந்த வார்த்தையைச் சொன்னால் வாயைக் கழுவச் சொல்வார். நாங்கள் கேட்பதெல்லாம், எந்தச் சேகரம்? ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற நாலைந்து ஊர்ச் சபைகள் சேர்ந்தால் ஒரு சேகரம். சேகரம் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தபிறகு கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. வாய் சுத்தமாக இருக்கும். யோவேலின் பேரைக் கெசியா முதன்முதலில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான், நல்லவனா என்று கேட்கவில்லை, எந்தச் சேகரம்ட்டி என்றுதான் கேட்டேன். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பைத் தணித்தேன். நற்கருணைக்கு யார் பக்கத்தில் வேண்டுமானாலும் முழங்காலில் நிற்கிறேன், அவர்கள் குடித்த பாத்திரத்தில் நானும் குடிக்கிறேன், எந்தத் தெருவாயிருந்தாலும் சரி. இதைவிட என்ன செய்ய வேண்டும்? அது பீடத்துக்கு முன்னால். கல்யாணம் வேறு. கல்யாணம் என்றால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில், இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள், இன்ன ஊர், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஒருத்தரும் எழுந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பேர் வாசிக்கப்படும்போது பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் அசையும், அவ்வளவுதான். பெண்கள் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்காமல் இருக்கிறோம் என்று தெரிகிற மாதிரி கேட்காமல் இருப்பார்கள். எனக்கு அது தெரியும், நானும் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அவருடைய அண்ணன் வீட்டில் வருவார்களா? வருவார்கள், சாப்பிட மாட்டார்கள், சர்க்கரை என்பார்கள். இதற்கெல்லாம் பயந்தா ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேன்? கெடுக்கவில்லை, கெடுக்கவில்லை, நல்ல இடம் பார்த்துச் செய்து வைப்பேன், நாசரேத்தில் ஒரு டாக்டர் பையன் இருக்கிறான். அவனுக்கு முடி கொட்டிவிட்டது. முடியா முக்கியம்.

அவர்கள் போன அன்றைக்கு அந்தத் தங்கக் கோடு போட்ட கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தோம், நான் கழுவ, கெசியா துடைத்து வைத்துக்கொண்டே வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சண்டையில் நான் தோற்றதில்லை. அவள் சத்தமே போடாமல் சொன்னாள், "அம்மா, ஜெபிச்சிட்டு சொல்லுதோம்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்த ஒரு தடவை நெசமாவே ஜெபியுங்க. ஜெபிச்சிட்டு, ஆண்டவர் வேண்டாம்னுட்டார்னு நீங்க சொன்னா நான் விட்டுருதேன். மறுபேச்சு பேச மாட்டேன்." எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முடிந்தது விஷயம். என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நான் எத்தனையோ வீட்டுக்குச் சொல்லிப் பழகின வார்த்தை. கெசியா சொன்னால் சொன்னதுதான், அழுவாள், பிறகு நாசரேத்துப் பையனைக் கட்டிக்கொள்வாள், என்னை ஒருநாளும் குறை சொல்ல மாட்டாள். அவள் கப்பைத் துடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டு மாடிக்குப் போனாள். அவள் போன பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. நெசமாவே ஜெபியுங்க என்றால்? அப்படியானால் நான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருப்பது என்ன? என் ஜெபத்தைக் கேட்டு அழாத பெண் எங்கள் சங்கத்தில் கிடையாது. சாவு வீட்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், புது வீட்டுக்கும் என்னைத்தான். மகா மாநாட்டில் மேடையிலேயே ஜெபித்திருக்கிறேன்.

ஜெபிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே என்று ஆரம்பித்தேன், வார்த்தை தானாக வந்தது, எப்போதும் வரும், குழாயைத் திறந்த மாதிரி. கடந்த இரவெல்லாம் கண்மணி போல் காத்தீர், ஸ்தோத்திரம். நோயாளிகளை நினைத்தேன், பேர் பேராக. வடநாட்டில் இருக்கிற மிஷனரிகளை நினைத்தேன், நாட்டை ஆளுகிறவர்களை நினைத்தேன். கிதியோனை, மருமகளை, மருமகளின் வயிற்றை. கெசியாவிடம் வந்தேன். வந்ததும், எங்கள் குடும்பத்தின் சகல தேவைகளையும் நீர் அறிந்திருக்கிறீர் என்று ஒரு சொல் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது, ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன். தோசைக்கு மாவு புளித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கவில்லை என்றே உறைத்தது. புதன்கிழமை மறுபடியும் உட்கார்ந்தேன், இந்தத் தடவை வேறெதையும் பேசாமல் நேரே கேட்டுவிட வேண்டும் என்று. ஆண்டவரே, கெசியா, என்றேன். அதற்குமேல் நாக்கு எழும்பவில்லை. மூட்டு வலித்தது. மூட்டு வலி உண்மைதான், டாக்டரே முழங்கால் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். வெளியே ஒரு வண்டிக்காரன் பழைய பாத்திரம் பழைய பாத்திரம் என்று கத்திக்கொண்டு போனான், ஸ்டோர் ரூமில் இருக்கிற அண்டாவைப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவ்வளவு நேரம் முழங்காலில் நின்றுகொண்டு அண்டாவைப் பற்றி யோசித்தேன். மேடையில் மைக் முன்னால் நிற்கும்போது ஒரு நாளாவது எனக்கு வார்த்தை தட்டியிருக்கிறதா? முன்னால் பெண்கள் உட்கார்ந்து ஆமென் ஆமென் என்று சொல்லிக்கொண்டிருந்தால் வருகிறது. தனியாக, அவரும் நானும் என்று இருந்தால் அண்டா வருகிறது. வெள்ளிக்கிழமை முழங்கால் போடவே இல்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். கேட்காமலேயே சொன்னால் என்ன? யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும். அவருக்கு எப்போதுமே தெரியும், இதுவரை ஒன்றும் சொன்னதில்லையே.

கேட்டவள்தான் நானும். ஒரு காலத்தில். பட்டம் முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்குக்குப் போகுமுன் மெஞ்ஞானபுரத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து என்னைப் பார்த்தது. பையன் ஒன்றும் பேசவில்லை, போகும்போது வாசல்படியில் திரும்பி ஒரு தடவை சிரித்தான். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எனக்கு அப்போது அந்தப் பாஷை தெரியாது, நம்பிவிட்டேன். ஜெபிக்கிறார்கள் என்று நினைத்து நானும் ஜெபித்தேன், எப்படி ஜெபித்தேன், கிணற்றடியில், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நடந்துகொண்டே, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே. அன்பும் இரக்கமும் எல்லாம் கிடையாது, ஆண்டவரே அவனை எனக்குத் தந்துவிடும், அவ்வளவுதான், வெட்கமே இல்லாமல். அவர் கேட்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அறையில் ஒரு ஆள் இருந்தால் பார்க்காமலே தெரியுமே, அப்படி. பிறகு அப்பா வந்து சொன்னார், ஆண்டவருக்குச் சித்தமில்லைன்னு சொல்லிட்டாக. எனக்குப் புரியவே இல்லை. என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அவர்களிடம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறாரே, இப்படி இரண்டு நாக்குக்காரராக இருப்பாரா ஒருத்தர், என்று எத்தனை நாள் அவரோடு சண்டை போட்டேன். சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் யாரும் ஜெபிக்கவே இல்லை, எங்கள் அப்பா போடுகிறேன் என்ற நகை போதவில்லை என்பதை எங்கள் சித்தி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் போகிறபோக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது கோபம் வந்ததா? வந்திருக்க வேண்டும். அவரிடம் போய், ஆண்டவரே, உம்மைத் தப்பாய் நினைத்துவிட்டேன் என்று சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பழைய மாதிரி ஜெபிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அழகாக ஜெபிக்கப் பழகினேன். கல்யாணம் ஆனது, இவர் வந்தார், இவர் நல்லவர், குறையொன்றும் இல்லை. இப்போது எதற்கு இது? அந்தப் பையனின் முகம் கூட ஞாபகம் இல்லை, சட்டை நீலம். பேச்சியம்மாளும் அந்த மாதிரிதான் இந்த வாரமெல்லாம் நடந்துகொண்டே, அடுப்பு ஊதிக்கொண்டே ஜெபித்திருப்பாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். அத்தனை பெரிய பானை முன்னால் நின்றுகொண்டு.

நரம்பு அறுந்துவிட்டது. விடு, ஒன்று போனால் போகிறது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, அவர் எழுந்துவிட்டார், கண்ணாடியைத் தேடுகிறார், கண்ணாடி தலைமேல் இருக்கும். கதவருகே வந்து நின்றார். "சீலி, அந்தப் பொம்பளை போன் போட்டுதா?" இன்னும் இல்லை என்றேன். "என்ன சொல்லப் போற?" நீங்க சொல்லுங்களேன், நீங்கதானே அப்பா, என்றேன். அவர் உடனே இரண்டு கையையும் தூக்கினார், யாரோ துப்பாக்கி நீட்டின மாதிரி. "எனக்கு அந்தப் பேச்செல்லாம் வராது. நீதான் ஜெபிக்கிறவ. நீ பக்குவமாச் சொல்லிருவே." பக்குவமாக. இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிந்தது. ஏங்க, உங்களுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லுங்க, என்றேன். இறாலையே பார்த்துக்கொண்டு, "பையன் நல்ல பையன்" என்றார். பிறகு, "ஆனா அண்ணன் வீட்ல என்ன சொல்லுவாகன்னு..." என்று இழுத்தார். பிறகு, "காப்பி கெடைக்குமா?" என்றார். கையைக் காட்டினேன். தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போடத் தெரியாமல் திண்டாடி, கடைசியில் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். பாவம், அவரும் என்ன செய்வார். கோழைதான், ஆனால் ஆண்டவர் பேரைச் சொல்லித் தப்பிக்கத் தெரியாத கோழை. அந்த வித்தை எனக்குத்தான் தெரியும். சொல்லிவிடுவோம். இன்றைக்கு ஒரு நாள். கெசியாவுக்கு இருபத்தேழு முடியப்போகிறது, இன்னும் ஒரு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், அவளுக்கே மறந்துவிடும், எனக்கு மறக்கவில்லையா, சட்டை நிறம் தவிர.

போன் அடித்தது. கவிழ்ந்து கிடந்தபடியே குளிர்பதனப் பெட்டியின் மேல் அதிர்ந்து நகர்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை, இரண்டு கையிலும் இறால் சேறு. மாடிப்படியில் காலடி கேட்டது, இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாள், படியிலேயே உட்கார்ந்திருந்தாளோ. கெசியா போனை எடுத்துப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். "டீச்சரம்மா, சலோமி பேசுதேன். நல்லாருக்கீகளா? சாரு நல்லாருக்காகளா? சாப்டாச்சா?" ஆச்சு, நீங்க சாப்டீகளா, என்றேன். "நான் இன்னைக்கு உபவாசம் டீச்சரம்மா, உங்ககிட்ட பேசிட்டுச் சாப்டலாம்னு இருக்கேன். சொல்லுங்க, ஆண்டவர் என்ன சொன்னாரு?" அரை நிமிஷம் கூட யோசிக்கவில்லை, எப்போதும் வருகிற குரல் தானாக வந்தது, மிருதுவாக, கொஞ்சம் தழுதழுத்து. நாங்க இந்த வாரம் ரொம்பப் பாரத்தோட ஜெபிச்சோம்மா. உங்களையும் தம்பியையும் நினைச்சு ஜெபிச்சோம். ஆனா ஆண்டவருக்கு இது சித்தமில்லைன்னு தோணுது. சொல்லி முடித்துவிட்டேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது, ஒரு இடத்தில் கூடத் தட்டவில்லை. கெசியா என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைக்கிற சத்தம். பிறகு அந்த அம்மாவின் குரல். "சரி டீச்சரம்மா. அவர் சொன்னா சரிதான். எனக்குத்தான் ஆசை ஜாஸ்தியாயிட்டு போலருக்கு, எனக்கு ஒண்ணுமே சொல்லல அவர், நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைச்சுக்காதீங்க. பையன்ட்ட நான் சொல்லணும். அவன் கேப்பான். எப்படிச் சொன்னாரு? வசனத்துல காட்டினாரா, இல்ல, ஜெபிக்கையில மனசுல சமாதானமில்லாமப் பண்ணிட்டாரா? அதைச் சொன்னீகன்னா அவனுக்கு ஆறுதலாருக்கும்."

எப்படிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஏதாவது சொல்லலாம். வசனம் ஆயிரம் இருக்கிறது, எனக்குத் தெரியாத வசனமா. ஒன்றை எடுத்துச் சொன்னால் அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டு போய் மகனிடம் சொல்வாள், அவன் ஆறுதலாக மாட்டான், அவனுக்குத் தெரியும், இவள் மட்டும் ஆறுதலாவாள், சாகிறவரை அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதைச் செய்ய முடியவில்லை. "டீச்சரம்மா, லைன்ல இருக்கீகளா?" இருக்கேன், என்றேன். கெசியா இப்போது என்னைப் பார்த்தாள். நான் ஜெபிக்கல, என்றேன். "என்னது?" நான் ஜெபிக்கலம்மா. "ஐயோ, ஒடம்புக்கு முடியலியா டீச்சரம்மா?" இல்லை, ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. நாங்க சும்மா அப்படிச் சொல்லுவோம். ஆண்டவர்ட்ட நான் கேக்கவே இல்லை. அவர் எதுவும் சொல்லல. நான்தான் சொன்னேன். முன்னறையில் பேப்பர் புரளும் சத்தம் நின்றுவிட்டது. வெட்கத்தில் என் காதெல்லாம் சுட்டது, என் வயசுக்கு, என் பிள்ளை முன்னால். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்ப அவர் இன்னும் வேண்டாம்னு சொல்லல" என்றாள். "சரி, அதுக்கென்ன டீச்சரம்மா. இப்பக் கேளுங்க. நான் போனை வைக்கல."

கெசியா போனைப் பிடித்தபடியே தரையில் என் எதிரே உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கால் போட முடியவில்லை, கையைக் கூப்பவும் முடியவில்லை, இறால் சேறு விரலிலிருந்து சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அவள் மெல்ல ஸ்தோத்திரம் என்றாள். அதோடு நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை, நோயாளிகள் வரவில்லை, மிஷனரிகள் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஆண்டவரே, என்றேன் மறுபடியும், யாரோ பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. நீர் சரின்னு சொல்லிருவீரோன்னு எனக்குப் பயமாயிருக்கு, என்றேன்.